கட்டுமரமா, கப்பலா? நாக்ஸோஸிலிருந்து சந்தோரினிக்கு

நாக்ஸோஸ் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் கப்பல் டிக்கெட் விற்கும் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. எதில் நுழைந்து “சந்தோரினிக்கு நான்கு பேர்” என்றாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: வேகமானதா, பெரியதா? முதல்முறை போனபோது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். விடுமுறைக்கு வந்தவன் கடலில் ஏன் நேரத்தைக் கரைக்க வேண்டும்? வேகமானது என்றேன். இரண்டாம் முறை, பெரியது என்றேன். இரண்டு பதில்களுக்கும் நடுவே மூன்று ஆண்டுகளும் என் அம்மாவின் சபதம் ஒன்றும் இருக்கின்றன. சபதத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வழி. நாக்ஸோஸும் சந்தோரினியும் ஏஜியன் கடலில் கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நாக்ஸோஸ் அந்தக் கூட்டத்திலேயே பெரிய தீவு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விளைவிக்கும் வேளாண் பூமி. சந்தோரினி அதற்குத் தெற்கே, எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் கடல்தொலைவில் இருக்கிறது. டிக்கெட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் சந்தோரினி என்ற பெயரைத் தேடிக் கலங்க வேண்டாம். தீவின் அதிகாரபூர்வமான பெயர் தீரா. கப்பலின் ஒலிபெருக்கி பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லும். நடுவில் இயோஸ் தீவில் நின்று போகும் கப்பல்களும் உண்டு, நேராகப் போவனவும் உண்டு.

கடைக்காரர் “பெரியது” என்று சொல்வது கார், லாரி, பஸ் எல்லாவற்றையும் வயிற்றில் அடைத்துக்கொண்டு வரும் வழக்கமான கப்பலை. இந்த வழியில் நெடுநாளாக ஓடும் புளூ ஸ்டார் டெலோஸை எடுத்துக்கொள்ளலாம். 2011-இல் தென்கொரியாவில் கட்டப்பட்டது, ஏறக்குறைய 145 மீட்டர் நீளம், 2,400 பயணிகள் வரை ஏற்றும். காலையில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கிளம்பி, பாரோஸ், நாக்ஸோஸ் என்று நின்று, பிற்பகலில் சந்தோரினியைத் தொட்டுவிட்டுத் திரும்புவது அதன் பழகிய நடை. வேகம் 25 நாட் அளவில், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

“வேகமானது” என்றால் இரட்டை உடல் கொண்ட அலுமினியப் படகு. நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் எந்திரத்தால் 35 நாட் வேகத்துக்கும் மேலே பாயும். இதில் கார் ஏற்றும் பெரிய வகையும் உண்டு, ஆள் மட்டும் ஏறும் சின்ன வகையும் உண்டு. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது. சீஜெட்ஸ் நிறுவனத்தின் வேர்ல்டு சாம்பியன் ஜெட் 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டு டென்மார்க்குக்குப் போன படகு. போகும் வழியிலேயே 24 மணி நேரத்தில் 1,063 கடல் மைல் ஓடிச் சாதனை படைத்தது. இன்றைய பெயரில் இருக்கும் பெருமை வெறும் விளம்பரம் இல்லை.

இந்த இரட்டை உடல் படகைக் கிரேக்கர்கள் கட்டமரான் என்கிறார்கள். ஆங்கிலம் வழியாக உலகம் சுற்றிப் போன நம்முடைய கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பொருள் வழியிலேயே மாறிவிட்டது. துறைமுகப் பலகையில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து அம்மாவிடம் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. “அப்படியானால் அதிலேயே போகலாம்” என்றார். அன்று எங்கள் முடிவு பாதி மொழிப்பற்றால் எடுக்கப்பட்டது.

இனி நேரக் கணக்கு. பெரிய கப்பல் நாக்ஸோஸிலிருந்து சந்தோரினிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வேகப் படகு எந்தத் தீவில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி வரை. ஆக, கூடுதல் பணம் கொடுத்து நாம் வாங்குவது கால்மணி முதல் முக்கால் மணி நேரம். மிக்கோனோஸ் தீவிலிருந்தோ பிரேயஸிலிருந்தோ சந்தோரினிக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் மணிக்கணக்கில் வரும். பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த வழிகளைப் பற்றி எழுதப்பட்ட அறிவுரையைப் படித்துவிட்டு நாக்ஸோஸ் வழிக்கு முடிவெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

அந்த முக்கால் மணியும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. இரண்டு வகைக்கும் அரைமணி முன்பே துறைமுகத்தில் நிற்க வேண்டும். இரண்டுமே அதற்கு முன் வேறு தீவுகளில் நின்று வருவதால் தாமதம் இரண்டுக்கும் பொது. கப்பல் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்டும் மரைன் டிராஃபிக் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது. ஏஜியன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு முயற்சியாகத் தொடங்கி உலகம் முழுவதும் பரவிய சேவை அது. கப்பல் இன்னும் பாரோஸில்தான் நிற்கிறது என்று தெரிந்தால், வெயிலில் காயாமல் நிழலில் இன்னொரு குளிர்ந்த காபி குடிக்கலாம். அலை உயர்ந்தால் வேகப் படகு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அன்று நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் கடலோடு போயிற்று.

உண்மையான வேறுபாடு காற்றில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகத் தெளியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். பெயர் மெல்தெமி. ஜூலை, ஆகஸ்டில் அதன் ஆட்டம் அதிகம்; ஒருமுறை பிடித்தால் நாட்கணக்கில் விடாது. பால்கன் பகுதியில் காற்றழுத்தம் உயர்ந்தும் துருக்கிப் பக்கம் தாழ்ந்தும் இருப்பதால் நடுவிலிருக்கும் ஏஜியன் ஒரு குழாய் போல ஆகிவிடுகிறது. துருக்கிப் பக்கத்துத் தாழ்வழுத்தத்தின் வேர் நம் தென்மேற்குப் பருவமழையை இழுத்துவரும் அதே பெரிய தாழ்வழுத்தத்தில் இருக்கிறது என்பது வானிலை அறிஞர்கள் சொல்வது. கேரளத்தில் மழை கொட்டும் மாதங்களில்தான் சைக்ளேட்ஸில் நாற்காலிகள் பறக்கின்றன.

நம்மை ஏமாற்றுவது வானத்தின் நிறம். நமக்குக் கடல் கொந்தளிப்பு என்றால் கறுத்த மேகமும் மழையும் சேர்ந்து வரவேண்டும். மெல்தெமியோ துளி மேகமில்லாத நீல வானத்தின் கீழ் வீசும். வெயில் பளீரென்று அடிக்கும், கடற்கரையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், கடைக்காரர் நிதானமாக “இன்று படகு இல்லை” என்பார். நம்பவே மனம் வராது.

தீவுக்காரர்கள் காற்றின் வேகத்தை போஃபோர் கணக்கில்தான் பேசுகிறார்கள். நம்மூரில் “இன்று எத்தனை டிகிரி வெயில்?” என்று கேட்பதைப் போல அங்கே மளிகைக் கடையிலும் “நாளைக்கு எத்தனை போஃபோர்?” என்பது சாதாரணப் பேச்சு. 6 என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். 7 என்றால் 50 முதல் 61. 8 என்றால் 62 முதல் 74. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு முன்னறிவிப்பைப் பார்க்கலாம். 5 வரை கவலையில்லை. 6, 7 என்று ஏறும்போது முதலில் நிறுத்தப்படுவன சின்ன வேகப் படகுகள். பிறகு பெரிய வேகப் படகுகள் தடுமாறும். 8 அல்லது அதற்கு மேல் போனால்தான் பெரும்பாலும் பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்படும். துறைமுக அதிகாரிகள் விதிக்கும் இந்தத் தடைக்கு அபகோரெஃப்டிகோ என்று பெயர். வாயில் நுழையாத சொல்தான். ஆனாலும் ஆகஸ்டில் போகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கிரேக்கச் சொல் இதுவே.

தடை விதித்தால் அதிகாரிகளைத் திட்டுவதில் பொருளில்லை. 2000 செப்டம்பர் 26 அன்று இரவு, காற்று பலமாக இருந்த வேளையில், எக்ஸ்பிரஸ் சமீனா என்ற கப்பல் பாரோஸ் துறைமுகத்தை நெருங்கும்போது போர்ட்டெஸ் பாறைகளில் மோதி மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் குற்றம் காற்றுடையது அல்ல, மாலுமிகளின் கவனக்குறைவு. ஆனாலும் அதற்குப் பிறகு அந்நாட்டில் கடற்பயணத்தைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. நாக்ஸோஸுக்குப் போகும் கப்பல்கள் பெரும்பாலும் பாரோஸ் வழியாகத்தான் வருகின்றன. தெரிந்தவர்கள் அந்தப் பாறைகளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

காற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. மெல்தெமி வடக்கிலிருந்து வருவதால், நாக்ஸோஸிலிருந்து தெற்கே சந்தோரினிக்குப் போகிறவருக்கு அலை பின்னாலிருந்து வருகிறது. படகு அலையோடு சேர்ந்து போகும்; அசைவு இருந்தாலும் அடி இருக்காது. அதே நாளில் சந்தோரினியிலிருந்து வடக்கே வருகிறவருக்கு ஒவ்வோர் அலையும் முகத்தில் மோதும். சபதம் பிறந்தது அங்கேதான்.

நாக்ஸோஸிலிருந்து சந்தோரினிக்கு வேகப் படகில் வந்தோமே, அந்தப் பயணத்தில் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் கழித்து இன்னொரு வேகப் படகில், சின்ன வகை, சந்தோரினியிலிருந்து மிக்கோனோஸுக்கு ஏறினோம். அன்று காற்று 6. படகு துறைமுகத்தைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் ஏறி ஏறி விழத் தொடங்கியது. பெரிய கப்பல் மெதுவாக, யானை நடப்பதுபோல, ஒரு தாளத்தில் ஆடும். அந்தத் தாளத்துக்கு உடம்பு பழகிவிடும். இது வெட்டி வெட்டி உதறியது. அரைமணிக்குள் பணியாளர்கள் ஒரு கையில் காகிதப் பைகளும் மறு கையில் காகிதக் கைக்குட்டைகளுமாக வரிசைக்கு வரிசை வந்தார்கள். அவர்கள் முகத்தில் எந்தப் பரபரப்பும் இல்லை. ரயிலில் தேநீர் விற்கிறவரின் நிதானம். சன்னலைத் திறக்க வழியில்லை. வெளியே போய் நிற்கத் தளமும் இல்லை; கதவைப் பூட்டிவிட்டார்கள். மூடிய அறைக்குள் அத்தனை பேரின் மணமும் சேர்ந்துவிட்ட பிறகு, நன்றாக இருந்தவர்களும் விழுந்தார்கள். என் அக்கா மகன், பத்து வயது, இறங்கும்வரை என் மடியைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி இருந்தார். ஏதோ சுலோகம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், “நம் ஊர் மரம் என்றால் மிதக்க வேண்டும். இது ஏன் குதிக்கிறது?” என்றார். மிக்கோனோஸில் கால் பதித்ததும் இனி உயிருள்ளவரை இரட்டை உடல் படகில் ஏறுவதில்லை என்று சொன்னார். இன்றுவரை மீறவில்லை.

எல்லா நாளும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மே மாதத்திலோ செப்டம்பர் கடைசியிலோ கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாளில் அதே படகு சாலையில் ஓடும் புது பஸ்ஸைப்போல வழுக்கிக்கொண்டு போகும். வாந்திக்கு முன்னெச்சரிக்கையாக ஊரிலிருந்து அவோமின் கொண்டுபோகிறவர்கள் ஏறிய பிறகு போட்டுக்கொள்வதில் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிற பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக எடுக்கவும். முன்வரிசைக் கண்ணாடியின் அருகே கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்கள்தான் முதலில் பை கேட்பவர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வேகப் படகின் டிக்கெட் பெரிய கப்பலின் திறந்த வகுப்பு டிக்கெட்டைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, சில நாட்களில் இரண்டு மடங்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பெயர் போட்ட டிக்கெட் கட்டாயம் வேண்டும். ஐந்திலிருந்து பத்து வயது வரை பொதுவாகப் பாதிக் கட்டணம். நான்கு பேர் குடும்பத்துக்கு மிச்சமாகும் தொகையில் சந்தோரினியில் ஒரு வேளை சாப்பிடலாம். சந்தோரினி விலைக்கு, ஒரு வேளைதான்.

பெரிய கப்பலில் திறந்த வகுப்பு என்றால் எண்ணிட்ட இருக்கை கிடையாது. நம்மவர்களுக்கு இது உடனே பயத்தைத் தரும். பதிவு செய்யாத பெட்டி என்று மனம் மொழிபெயர்த்துவிடுகிறது. அப்படி இல்லை. மேசை போட்ட உள்கூடங்கள், சோபாக்கள், மேலே திறந்த தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் என்று எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆகஸ்ட் நடுவில் மட்டும், குறிப்பாக 15-ஆம் தேதி மாதா திருநாளையொட்டி, கிரேக்கர்கள் மொத்தமாகத் தீவுகளுக்குக் கிளம்பும் நாட்களில் நிற்க இடம் தேட வேண்டியிருக்கும். முதியவர்கள் உடன் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து எண்ணிட்ட இருக்கை வாங்கிக்கொள்ளலாம். சிற்றுண்டிக் கடையில் கீரை அடைத்த ஸ்பனகோபிட்டாவும் சீஸ் அடைத்த திரோபிட்டாவும் கிடைப்பதால் சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போன கட்சி.

பெரிய கப்பலின் சிரமம் ஏறுவதிலும் இறங்குவதிலும் இருக்கிறது. கப்பல் பின்பக்கமாகத் திரும்பி வந்து, இரும்புக் கதவைப் படார் என்று கரையில் இறக்கும். இறங்குகிறவர்கள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்து முடியும் முன்பே ஏறுகிறவர்கள் நகரத் தொடங்குவார்கள். மாலுமிகள் “பாமே, பாமே” என்று கத்துவார்கள்; கோபமில்லை, “போகலாம், போகலாம்” என்பதுதான். சக்கரம் வைத்த பெட்டியைக் கார் நிற்கும் தளத்திலேயே ஊர்ப் பெயர் எழுதிய அடுக்கில் வைத்துவிட்டு, கடவுச்சீட்டும் பணமும் மருந்தும் உள்ள கைப்பையோடு மேலே ஏற வேண்டும். இறங்கும்போது இதே காட்சி தலைகீழாக: கதவு திறக்கும் முன்னரே எல்லோரும் கார் தளத்தில், லாரிகளின் புகைக்கு நடுவே, பெட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் இனிமையானது என்று சொல்ல மாட்டேன். வேகப் படகில் இந்தத் தள்ளுமுள்ளு குறைவு. எண்ணிட்ட இருக்கை, கதவருகிலேயே பெட்டி.

அம்மாவின் சபதத்துக்கு வெளியேயும் நான் பெரிய கப்பலைச் சொல்வதற்குக் காரணம் அதன் கடைசி அரைமணி நேரம்.

சந்தோரினி ஒரு முழுத் தீவு அல்ல. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் விளிம்பு அது. நடு இடிந்து உள்ளே விழ, கடல் புகுந்து நிரப்பியது. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கடல்கிண்ணம். ஆழம் 400 மீட்டரை நெருங்குகிறது. வடக்கிலிருந்து வரும் கப்பல், ஓயா ஊருக்கும் எதிரேயுள்ள தெராசியா தீவுக்கும் இடைப்பட்ட வாயில் வழியாக இந்தக் கிண்ணத்துக்குள் நுழைகிறது. (ஓயா என்று நாம் எழுதுகிறோம், உள்ளூரார் வாயில் அது ஈயா.) நுழைந்ததும் இடப்பக்கம் செங்குத்தான பாறைச் சுவர் எழும்புகிறது. கறுப்பு, செங்கல் நிறம், சாம்பல், வெளுப்பு என்று படிப்படியாகக் கோடு போட்டதுபோல் இருக்கும்; ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பின் கணக்கு. முந்நூறு மீட்டர் உயரத்தில், அதன் உச்சியில், பனி படிந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. நெருங்க நெருங்க அதில் சன்னல்கள் தெரியும். அப்போதுதான் அது ஊர் என்று புரியும். வலப்பக்கம் கிண்ணத்தின் நடுவே கரிக்குவியல் போலக் கிடப்பது நியா கமேனி, எரிமலையின் இன்றைய வாய். கடைசியாக 1950-இல் வெடித்தது.

அந்தச் சுவர் மேற்கு நோக்கி நிற்கிறது. காலையில் வரும் படகுக்கு அது நிழலில் கிடக்கும். பிற்பகலில் வரும் கப்பலுக்கு வெயில் நேராக அதன் மேல் விழுந்து ஒவ்வொரு நிறமும் பிரிந்து தெரியும். இதைப் பெரிய கப்பலின் மேல்தளத்தில், காற்று முகத்தில் அடிக்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். வேகப் படகில் வந்த முதல்முறை நான் பார்த்தது உப்பு படிந்த கண்ணாடிக்கு அப்பால் ஏதோ பழுப்பு நிறம். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்ததே படகு நின்ற பிறகுதான். சில பெரிய வேகப் படகுகளில் பின்னால் கொஞ்சம் திறந்த தளம் இருக்கிறது. அதில் இடம்பிடிக்க நடக்கும் போட்டியை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை அம்மா மேல்தளத்தில், சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, இடப்பக்கக் கைப்பிடியருகே நின்றார். அன்று காலை காற்று 7. சின்ன வேகப் படகுகள் எல்லாம் ரத்து. பெரிய கப்பல் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஓயா தெரிந்ததும் ஒலிபெருக்கி தீரா, தீரா என்றது. எல்லோரும் பெட்டி எடுக்கக் கீழே ஓடினார்கள். அம்மா அசையவில்லை. “கதவு திறக்கட்டும், போகலாம்” என்றார். ஓடியவர்களுக்குக் கார் தளத்தின் புகைதான் கிடைத்தது.

வேகப் படகையே எடுக்க வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் இது ஒப்பீடு ஆகாது. பெரிய கப்பல் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். வேகப் படகு கோடையில் பலமுறை. காலையிலேயே போய் மாலைக்குள் திரும்ப வேண்டும் என்றால் அதுதான் வழி. மிக்கோனோஸிலிருந்தோ கிரீட் தீவின் ஹெராக்ளியோனிலிருந்தோ சந்தோரினிக்கு நேராகப் போவன பெரும்பாலும் வேகப் படகுகளே. அங்கே தேர்வு குறைவு, நல்ல நாள் பார்ப்பதுதான் பெரும்பாலும் நம் கையில். பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லா நிறுவனங்களும் கால அட்டவணையை ஒரே சமயத்தில் வெளியிடுவதில்லை. இன்று தேடினால் வேகப் படகு மட்டும் தெரிகிறது என்பதால் பெரிய கப்பலே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டணம் விமான டிக்கெட்டைப்போல நாளுக்கு நாள் ஏறுவதும் அரிது. குளிர்காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. வேகப் படகுகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான்; ஆண்டு முழுவதும் தீவுகளைக் கரையோடு பிணைப்பன பெரிய கப்பல்கள். 2025 பிப்ரவரியில் சந்தோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே கடலடியில் நாள்தோறும் நிலநடுக்கம் வந்தபோது, 11,000-க்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினார்கள். கூடுதலாகக் கப்பல்களும் விமானங்களும் விடப்பட்டன.

விமானத்தையும் கேட்பவர்கள் உண்டு. நாக்ஸோஸ் விமான நிலையம் சின்னது. அங்கிருந்து ஏதென்ஸ் போய், அங்கே காத்திருந்து, சந்தோரினிக்கு வேறு விமானம் ஏற வேண்டும். இரண்டு மணிக் கடற்பயணத்துக்கு அரைநாள் செலவழிப்பது யாருக்காக?

பயணம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ரத்தான பயணத்துக்குப் பணத்தைத் திரும்பப் பெறவோ அடுத்த வாய்ப்பில் கூடுதல் கட்டணமின்றிப் போகவோ உங்களுக்கு உரிமை உண்டு. நான்கு மணிக்குட்பட்ட பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் கால்பங்கு, இரண்டு மணியைத் தாண்டினால் பாதி இழப்பீடு. ஆனால் காற்றும் அலையும் காரணம் என்றால் இழப்பீடு இல்லை. ஏஜியனில் காரணம் பெரும்பாலும் அதுதான். ஆகவே தீவிலிருந்து இறங்கிய அன்றே விமானம் ஏறும்படித் திட்டமிட வேண்டாம். நடுவில் ஓர் இரவு வைத்துக்கொள்ளுங்கள். நாக்ஸோஸ் முதலில், சந்தோரினி பிறகு என்ற வரிசை இதனாலும் நல்லது: அலை முதுகில் வரும், முடிவில் பெரிய விமான நிலையம் இருக்கும்.

ஆக என் பதில்: இந்த ஒரு வழிக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரை, பிற்பகலில் சேரும் பெரிய கப்பல், திறந்த வகுப்பு. நாக்ஸோஸைவிட்டுக் கிளம்பும்போது, துறைமுகத்தையொட்டிய சின்னத் திட்டில் தனியாக நிற்கும் பளிங்கு வாசலைப் பார்க்கத் தவறாதீர்கள். 2,500 ஆண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட அப்பல்லோ கோயிலின் வாசல் அது. சந்தோரினியை நெருங்கும்போது இடப்பக்கம் வந்துவிடுங்கள்.

கப்பல் நிற்கும் அத்தினியோஸ் துறைமுகம் பாறைச் சுவரின் அடியில், குறுகிய இடத்தில் இருக்கிறது. ஃபிரா ஊரின் அடியிலுள்ள பழைய துறைமுகம் வேறு. கேபிள் காரும் கழுதைப் படிகளும் அங்கேதான், அது சொகுசுக் கப்பல்காரர்களுக்கு. அத்தினியோஸில் டாக்ஸி கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பல் வரும் நேரத்துக்கு ஃபிராவுக்குப் போகும் பொதுப் பஸ் நின்றுகொண்டிருக்கும். “தனி வண்டி, தனி வண்டி” என்று வழிமறிக்கிறவர்களைத் தாண்டி நேராக அதை நோக்கி நடங்கள். பெட்டியை அடியில் வைத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். டிக்கெட் பஸ்ஸுக்குள்ளேயே கொடுப்பார்கள். சில்லறையாக யூரோ கையில் இருக்கட்டும்.